வேலூர் மலைகள் எரிமலையா? பசால்ட் பாறையும் அது கட்டிய மலைகளும்

கார்த்திகை தீபம் நெருங்கினால் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். “அண்ணாமலை முன்ன எரிமலையா இருந்துச்சாமே சார், நெஜமா?” காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். கேட்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பழைய மாணவர்கள் அதையே வேறு மாதிரி கேட்பார்கள். “தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால ஆனதுன்னு புத்தகத்துல இருக்கு. நாமளும் தக்காணத்துலதான இருக்கோம்? அப்ப கோட்டைக்கு எதிர்ல நிக்கிற மலையும் பசால்ட்தானே?” இன்னும் சிலருக்குக் கறுப்பாக இருக்கிற கல் எல்லாமே எரிமலைக் கல்.

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: இல்லை. வேலூரைச் சுற்றி நிற்கிற மலைகள் எரிமலைகள் அல்ல, பசால்ட்டும் அல்ல. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. பசால்ட் என்றால் என்ன, அது எப்படி மலையாகிறது என்று தெரிந்தால்தான் நம் மலை ஏன் அது இல்லை என்பதும் புரியும். பசால்ட்டின் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கருங்கல் என்பது ஒரு பாறையின் பெயர் இல்லை

முதலில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அம்மிக்கும் கருங்கல், அஸ்திவாரத்துக்கும் கருங்கல், ஜல்லிக்கும் கருங்கல், மூலவர் சிலைக்கும் கருங்கல் என்றுதான் சொல்கிறோம். கடினமாக இருக்க வேண்டும், வெளுப்பாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் அது கருங்கல். வேலைக்கு இந்தச் சொல் போதும். அம்மி கொத்துகிறவருக்கு அந்தக் கல் எப்படிப் பிறந்தது என்பது தேவையில்லை, உளி எப்படி இறங்கும் என்பதுதான் தேவை.

ஆனால் பாறையைப் படிக்கிறவர்கள் நிறத்தை முதலில் பார்ப்பதில்லை. அவர்கள் கேட்கிற கேள்விகள் இரண்டு. இது எங்கே உறைந்தது? எதனால் ஆனது? பசால்ட், கிரானைட், டோலரைட் என்ற பெயர்கள் எல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் கிடைக்கிற பதில்களைப் பொறுத்தவைதான்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் பக்கத்துக் கல்லே சாட்சி. சென்னை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கருநீலமாக, எண்ணெய் பூசியது போல் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே பாறைக்கும் வைத்தார். வேலூர், திருவண்ணாமலை, ஜவ்வாது மலைப் பக்கமெல்லாம் இந்தப் பாறை நிறைய இருக்கிறது. பார்த்தால் கறுப்புதான். ஆனால் இது எரிமலையில் வழிந்தது அல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது.

பாகும் கற்கண்டும்

பாறை எங்கே உறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு அடுப்படிக்குப் போவோம்.

சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஒரு கரண்டியைக் குளிர்ந்த தட்டில் ஊற்றுங்கள். சட்டென்று இறுகும். உடைத்துப் பார்த்தால் வழவழவென்று இருக்கும், மணிமணியாக எதுவும் தெரியாது. அதே பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் நாள்கணக்கில் ஆறவிட்டால் பெரிய பெரிய கற்கண்டு பிடிக்கும். பொருள் ஒன்றுதான். ஆறிய வேகம் மட்டும் வேறு. நேரம் கிடைத்தால் சர்க்கரை வரிசையாகச் சேர்ந்து படிகமாக வளரும். நேரம் கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும்.

பாறையும் அப்படியே. பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக்கு மாக்மா என்று பெயர். அது தரைக்கு மேல் வந்துவிட்டால் லாவா. மேலே வந்த லாவா காற்றிலும் நீரிலும் பட்டுச் சீக்கிரம் ஆறுகிறது. அதனால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகவே நின்றுவிடும். ஆழத்தில் மாட்டிக்கொண்ட மாக்மா ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்து ஆறும். அதில் அரிசி அளவு, கொண்டைக்கடலை அளவு படிகங்கள் வளரும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி போட்ட கிரானைட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு கற்கண்டு.

பசால்ட் என்பது மேலே வந்து சீக்கிரம் ஆறிய வகை. உடைத்த முகத்தைப் பார்த்தால் சாம்பல் கறுப்பாக ஒரே சீராக இருக்கும், புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. சில துண்டுகளில் ஆப்பத்தின் நடுவில் இருப்பது போலத் துளைகள் இருக்கும். லாவாவில் கரைந்திருந்த வாயு குமிழியாக மேலே ஏறும்போது, அதற்குள் லாவா இறுகிவிட்டதால் வந்த துளைகள் அவை.

கூழும் களியும்

அடுத்தது, எதனால் ஆனது என்ற கேள்வி. மலையின் உருவம் இங்கேதான் தீர்மானமாகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கேழ்வரகு மாவைத் தண்ணீர் அதிகம் விட்டுக் காய்ச்சினால் கூழ். மாவைக் கூட்டிக் கிளறினால் களி. கூழைத் தட்டில் ஊற்றினால் ஓரம் வரை ஓடிப் பரவும். களியைப் போட்டால் போட்ட இடத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். மாக்மாவில் அந்த மாவின் வேலையைச் செய்வது சிலிக்கா. ஆற்று மணலில் மின்னுகிறதே, அந்தப் பொருள்தான். சிலிக்கா கூடக் கூட அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகி, குழம்பு கெட்டியாகிவிடும்.

பசால்ட் மாக்மாவில் சிலிக்கா ஏறத்தாழ 45 முதல் 52 சதவீதம். கிரானைட் மாக்மாவில் 70 சதவீதம் அளவுக்குப் போகும். பசால்ட்டில் அதற்குப் பதிலாக இரும்பும் மெக்னீசியமும் அதிகம். கறுப்பு நிறமும் கூடுதல் எடையும் அதிலிருந்து வருகின்றன. வெளியே வரும்போது அதன் வெப்பம் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். இவ்வளவு சூடும் குறைந்த சிலிக்காவும் சேர்ந்தால் அது கூழாக ஓடும். வாயுவும் சுலபமாகத் தப்பித்துவிடும். அதனால் பசால்ட் எரிமலை பெரும்பாலும் வெடித்துச் சிதறுவதில்லை, பொங்கி வழிகிறது. சிலிக்கா நிறைந்த களி மாக்மாவோ தொண்டையை அடைத்துக்கொள்ளும். உள்ளே வாயு திமிறி ஒருநாள் வெடிக்கும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: இரும்பு அதிகமாகவும் சிலிக்கா குறைவாகவும் உள்ள மாக்மா, தரைக்கு மேல் வந்து, சீக்கிரம் ஆறினால் பசால்ட். கறுப்பு அதன் விளைவுகளில் ஒன்று, அடையாளம் அல்ல.

கூழ் எப்படி மலையாகும்?

எரிமலை வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் கூம்பு வரைவார்கள். மேலே புகை, இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவு. பசால்ட் கட்டும் மலை அப்படி இருக்காது. தோசைக்கல்லில் மாவை ஊற்றித் தேய்க்காமல் விட்டால் அது தானே பரவி, நடுவில் லேசாக உயர்ந்து நிற்குமே, அந்த வடிவம். அதன்மேல் இன்னொரு கரண்டி, அதன்மேல் இன்னொன்று. ஆயிரக்கணக்கான தடவை இப்படி வழிந்து வழிந்து, படுக்கவைத்த கேடயம் போல அகலமான மலை எழும். இதைக் கேடய எரிமலை என்பார்கள்.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா இதற்குப் பெரிய உதாரணம். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 4,169 மீட்டர். சரிவு மென்மையாக இருப்பதால் அவ்வளவு உயரம் என்று கண்ணுக்கே தோன்றாது. பக்கத்திலிருக்கும் மௌனா கியாவைக் கடலடியில் இருக்கும் அதன் அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டருக்கு மேல் வரும், அதாவது எவரெஸ்ட்டைவிட அதிகம். செவ்வாய்க் கிரகத்தில் இருக்கும் ஒலிம்பஸ் மோன்ஸும் இதே வகைக் கேடய எரிமலைதான். அதன் உயரம் சுமார் 22 கிலோமீட்டர்.

பசால்ட் மலையைப் பார்க்க இந்தியாவிலேயே அந்தமான் பக்கம் பாரன் தீவு இருக்கிறது. நம் நாட்டில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். பல தலைமுறை அமைதியாக இருந்துவிட்டு 1991-ல் மறுபடி பொங்கியது.

மலையை விடுங்கள். பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கடல். அந்தக் கடலடியில் சேற்றுக்கும் மணலுக்கும் கீழே இருக்கும் தரை பெரும்பாலும் பசால்ட். கண்டங்களோ பெரும்பாலும் கிரானைட்டைப் போன்ற இலகுவான பாறைகளால் ஆனவை. ஏரியில் கனமான ஈரக் கட்டை தாழ்ந்தும் உலர்ந்த கட்டை உயர்ந்தும் மிதப்பது போல, கனமான பசால்ட் தரை தாழ்ந்து நிற்கிறது, இலகுவான கண்டம் உயர்ந்து நிற்கிறது. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கிக் கடலாகியிருக்கிறது. பூமியில் கடல் ஏன் அங்கே இருக்கிறது, நிலம் ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பாறையின் எடையில் பதில் இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்துக்கு வரும்போது கொஞ்சம் நேரம் அதிகமாகவே எடுத்துக்கொள்வேன்.

நிலாவிலும் இதே கதை. பாட்டி வடை சுடுகிறாள், முயல் உட்கார்ந்திருக்கிறது என்று நாம் பார்க்கிற அந்தக் கறை, பள்ளங்களில் வழிந்து நிரம்பிய பழைய பசால்ட். சுற்றியிருக்கும் வெளுத்த பகுதி அனார்த்தோசைட் என்ற வேறு பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைப்பதால்தான், நிலவு மண் போலச் செயற்கையாகச் செய்து பார்க்க இஸ்ரோ அங்கிருந்து எடுத்துப் போனது.

தக்காணத்தின் படிக்கட்டுகள்

இப்போது போட்டித் தேர்வுக் கேள்விக்கு வருவோம். தக்காணம் எரிமலைக் குழம்பால் ஆனதா?

ஒரு பகுதி மட்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கத்தில் நிலம் நீளநீளமாகப் பிளந்தது. ஒரு மலை உச்சியிலிருந்து அல்ல, பல பிளவுகள் வழியாகப் பசால்ட் லாவா பொங்கியது. ஓடும், ஆறும், மேல்மண் பிடிக்கும். பிறகு அதன்மேல் அடுத்தது ஓடும். இன்று மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில் சில இடங்களில் இதன் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டும்.

இதற்குப் பெயர் ‘டெக்கான் டிராப்’. அந்த ‘டிராப்’ பொறி அல்ல. படிக்கட்டு என்று பொருள்படும் ஸ்கேண்டிநேவிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ரேணிகுண்டா வழியாக மும்பை போகிற ரயிலில் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தப் பெயர் ஏன் வந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடப்பா, குண்டக்கல் வரை நமக்குப் பழகிய உருண்டைப் பாறைகளும் மற்ற பாறைகளும் மாறி மாறி வரும். கலபுரகி தாண்டினால் மண் கறுக்கத் தொடங்கும். புனே தாண்டி லோனாவாலாவிலிருந்து கர்ஜத்துக்கு இறங்கும்போது மலை முழுக்கப் படிப்படியாக நிற்கும். உச்சி மேஜை போலத் தட்டை. ஒரு செங்குத்து, ஒரு தட்டு, மறுபடி ஒரு செங்குத்து. ஒவ்வொரு லாவா ஓட்டத்தின் நடுப்பகுதி கெட்டியானது, அது செங்குத்தாக நிற்கிறது. மேல்பகுதி துளை நிறைந்து மெலிந்தது, மழையில் கரைந்து தட்டாகிறது. மகாராஷ்டிரத்தின் உயரமான சிகரம் கல்சூபாய், 1,646 மீட்டர். அதுவும் இப்படி அடுக்கியதுதான். சிவாஜியின் ராய்கட் கோட்டை இந்தத் தட்டை உச்சிகளில் ஒன்றின்மேல் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்துப் படி, மேலே சமதரை என்றால் கோட்டைக்கு வேறென்ன வேண்டும்?

அஜந்தா, எல்லோரா குகைகளும் இந்தப் பசால்ட்டுக்குள் குடைந்தவைதான். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை மலையின் மேலிருந்து கீழாக வெட்டி இறக்கியவர்கள் ராஷ்டிரகூடர்கள், 8-ஆம் நூற்றாண்டில். நம் ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949-ல் சோழர்களைத் தோற்கடித்தார்களே, அதே வம்சம். அவர்கள் ஊரில் பசால்ட், நம் ஊரில் வேறு கல்.

அந்தப் பசால்ட் தெற்கே பெலகாவி, கலபுரகிப் பக்கத்தோடு நின்றுவிட்டது. கிழக்கே கோதாவரிக் கரையில் ராஜமுந்திரி அருகே ஒரு சிறு திட்டு உண்டு. எதிலிருந்து அளந்தாலும் வேலூருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். தக்காணப் பீடபூமி என்பது நிலத்தின் பெயர், டெக்கான் டிராப் என்பது அதன் வடமேற்கில் போர்த்திய ஒரு போர்வை. நாம் பீடபூமியில் இருக்கிறோம், போர்வைக்கு வெளியே.

கரிசல் மண்ணிலும் இதே குழப்பம் உண்டு. மகாராஷ்டிரத்துக் கரிசல் பசால்ட் மக்கி வந்தது. அதைப் படித்துவிட்டுக் கோவில்பட்டிக் கரிசலும் எரிமலை மண் என்று தேர்வில் எழுதுகிறார்கள். நம் தெற்கத்திக் கரிசல், இரும்புச்சத்துள்ள பழைய உருமாறிய பாறைகள் வறண்ட வெயிலில் மக்கி உருவானது.

ஏரி வெடிப்பும் கல் தூண்களும்

பசால்ட் என்றதும் பலர் கைபேசியில் காட்டுகிற படம் ஒன்று உண்டு. பென்சில்களைக் கட்டி நிறுத்தியது போல ஆறு பக்கக் கல் தூண்கள். மனிதர் செதுக்கியது, பழைய கோயில், ராட்சசர் கட்டியது என்றெல்லாம் அதன்கீழ் எழுதியிருப்பார்கள்.

சித்திரையில் வற்றிய ஏரிக்குள் இறங்கிப் பாருங்கள். சேறு காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருக்கும். தண்ணீர் போனதால் சேறு சுருங்குகிறது. சுருங்கினால் எங்காவது பிளக்கத்தான் வேண்டும். சூடு போனால் லாவாவும் அப்படியே சுருங்கும். முதலில் மேல்தோலில் வெடிப்பு விழும். உள்ளே ஆற ஆற அந்த வெடிப்பு கீழே இறங்கிக்கொண்டே போகும். ஏரியில் வெடிப்பு ஒரு சாண், இரண்டு சாண் இறங்கும். தடித்த லாவாவில் பத்து, இருபது மீட்டர்கூட இறங்கும். அப்படி நீண்ட பாளம்தான் தூண். சுற்றிலும் சமமாகச் சுருங்குகிற பொருள் குறைந்த வெடிப்பில் இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ளப் பார்ப்பதால் ஆறு பக்கம் அதிகம் வரும், ஐந்தும் ஏழும் கூட இருக்கும். வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வேயில் இப்படிச் சுமார் 40,000 தூண்கள் இருக்கின்றன. மும்பை அந்தேரியில் வீடுகளுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் மலையும் இந்த வகைப் பசால்ட் தூண்களே.

ஆனால் தூண் இருந்தாலே பசால்ட் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உடுப்பி அருகே மால்பே கடற்கரைக்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவில் அழகான தூண்கள் இருக்கின்றன. சுற்றுலா போய்வந்தவர்கள் எல்லோரும் பசால்ட் என்றே எழுதுகிறார்கள். அது சிலிக்கா அதிகமுள்ள வேறு எரிமலைப் பாறை. தூண் என்பது ஆறிய விதத்தைச் சொல்லும், பொருளைச் சொல்லாது.

சுருக்கமாக: தட்டையான உச்சி, படிப்படியான சரிவு, மென்மையான கேடயம், சில இடங்களில் தூண்கள். பசால்ட் நிலத்தின் முகம் இது. இந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு வேலூருக்குத் திரும்புவோம்.

அப்படியானால் நம் மலைகள் என்ன?

கோட்டை அகழிக்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். படிக்கட்டு தெரிகிறதா? தட்டை உச்சி தெரிகிறதா? வெளுத்த சாம்பல் நிறத்தில், யாரோ கொட்டிவைத்தது போல உருண்டைப் பாறைகள். ‘மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு’ என்று வேலூரைச் சொல்லும் பழைய பேச்சில் வரும் மலை இதுதான்.

இந்தப் பக்கத்துப் பாறைகளில் பெரும்பாலானவை நைஸ், சார்னோக்கைட், கிரானைட். நைஸ் என்பது ஆழத்தில் வெந்து, நசுங்கி, வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக மாறிய பாறை. இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். டெக்கான் டிராப் இவற்றின் முன்னால் கைக்குழந்தை. இவை உருவானபோது தரைக்கு மேல் இல்லை, பல கிலோமீட்டர் அடியில் இருந்தன. மேலே இருந்த பாறை எல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து தேய்ந்து போனபிறகு வெளியே தெரிந்தவை. எரிமலை மலை கீழிருந்து மேலே கட்டப்படுகிறது. நம் மலை மேலிருந்து கீழே செதுக்கப்பட்டது. வித்தியாசம் முழுவதும் இதில் இருக்கிறது.

உருண்டைகள் எப்படி வந்தன? மேலே இருந்த பாரம் குறைந்ததும் அடியில் நசுங்கிக் கிடந்த பாறை லேசாக விரிந்தது. விரிந்தபோது குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுந்து பெட்டி பெட்டியாகப் பிரிந்தது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி ஓரங்களைத் தின்றது. பெட்டியின் மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் தாக்குதல், அதனால் மூலைதான் முதலில் கரையும். மூலை போனால் பெட்டி உருண்டையாகிவிடும். வெங்காயத் தோல் போலச் சில்லுகள் உரிந்து நிற்பதை வள்ளிமலை ஏறும்போதும் பார்க்கலாம்.

ஏலகிரி கொஞ்சம் தனி. அது சையனைட் (syenite) என்ற பாறை, விஷமான சயனைடு அல்ல. உருகிய குழம்பாக வந்ததுதான், ஆனால் வெளியே வராமல் ஆழத்திலேயே ஆறியது. அதையும் எரிமலை என்று சொல்ல முடியாது.

அண்ணாமலையும் இந்தப் பழைய ஆழத்துப் பாறைதான். அக்னித் தலம் என்று நாம் கும்பிடுவது அடிமுடி காணாமல் நின்ற ஜோதியை. அந்த நம்பிக்கைக்கு லாவா சாட்சி சொல்லத் தேவையில்லை. நானும் கிரிவலம் போகிறவன். என் பக்திக்கும் என் பாடத்துக்கும் இதனால் ஒரு சங்கடமும் வந்ததில்லை.

அடுப்படியில் இருக்கும் அண்ணன்

பசால்ட் நமக்குச் சம்பந்தமே இல்லாததா என்றால், அப்படியும் இல்லை.

அடுப்பு மேடைக்கு ‘பிளாக் கிரானைட்’ போட்டிருக்கிறீர்களா? அதில் ஒரு துளி தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிரானைட்டில் இருக்க வேண்டிய வெள்ளை, சிவப்புப் புள்ளி இருக்காது. கறுப்புக்குள் நுணுக்கமாகச் சாம்பல் ஊசிகள் மின்னினால், அது பெரும்பாலும் டோலரைட். கடையில் பாலிஷ் ஏறுகிற கடினக் கல் எல்லாமே கிரானைட் என்ற பெயரில்தான் விற்கிறது. பாறையாகப் பார்த்தால் இது கிரானைட் இல்லை. பசால்ட்டின் கூடப்பிறந்தது.

ஒரே மாக்மா மூன்று இடங்களில் ஆறலாம். தரைக்கு மேல் வந்து வேகமாக ஆறினால் பசால்ட், மிக ஆழத்தில் நிதானமாக ஆறினால் கேப்ரோ. நடுவழியில், பிளவுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிட்டால் டோலரைட். பாகு சட்டியிலும் இல்லாமல் தட்டிலும் விழாமல் கரண்டிக் காம்பிலேயே இறுகியது போல.

அப்படிப் பிளவுக்குள் செங்குத்தாக இறுகிய பாறைச் சுவருக்கு டைக் என்று பெயர். வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இவை நிறைய. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. பஸ்ஸில் போகும்போது காட்டுக்கு நடுவே கறுப்பு உருண்டைக் கற்கள் ஒரே நேர்கோட்டில் கிலோமீட்டர் கணக்கில் போவதைக் கண்டால் அது டைக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அம்மி கொத்தும் பெரியவர் ஒருவர் அந்தக் கல்லைத் தட்டிக்காட்டி, “இது இரும்புக் கல்லு சார், உளி தாங்காது” என்றார். தட்டியபோது மணிச் சத்தம்தான் வந்தது.

இந்தச் சுவர்கள் தண்ணீர் விஷயத்தில் நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. நம் பக்கத்து நிலத்தடி நீர் நைஸ் பாறையின் வெடிப்புகளிலும் மக்கிய மேல்பகுதியிலும் மெல்ல ஊர்ந்து போகிறது. குறுக்கே வெடிப்பில்லாத டோலரைட் சுவர் வந்தால் அது பூமிக்குள் கட்டிய தடுப்பணை போல நிற்கும். ஒரு பக்கம் நீர் தேங்கும், மறுபக்கம் வறளும். போர்வெல் போடுகிறவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். வெளுத்த மாவு வந்துகொண்டிருந்த குழியில் திடீரென்று கரும்பச்சை மாவு கக்கினால் முகம் சுருங்கிவிடும்.

குடியாத்தம் பக்கம் ஒரு மாணவன் வீட்டு நிலத்துக்குப் போயிருந்தேன். இரண்டு கிணறுகள், நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புக் கல் வரிசை. அவன் தாத்தா கையை நீட்டிக் காட்டினார். “இந்தக் கல்லுக்கு அந்தாண்ட கெணத்துல ஆடி வரைக்கும் தண்ணி நிக்கும். இந்தாண்ட மாசியிலயே தரை தட்டிடும். எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான்.” யாரும் அவருக்கு டைக் என்று சொல்லித்தரவில்லை. எந்தப் பக்கம் தண்ணீர் என்று அவருக்குத் தெரியும்.

பையன் அந்தக் கல்மேல் உள்ளங்கையை வைத்தபடி கேட்டான். “இது வழியாத்தான மாக்மா மேல ஏறிச்சு? அப்ப மேல போய் ஊத்துன பசால்ட் எங்க சார்?”

நான் தென்னை உச்சிக்கும் மேலே வெறும் வானத்தைக் காட்டினேன். இந்தக் கல் உறைந்தபோது நாங்கள் நின்ற இடம் தரைக்கு வெகு ஆழத்தில் இருந்தது. அந்தக் குழம்பு மேலே எட்டியிருந்தால், அந்தத் தரையில், எங்கள் தலைக்கு மிக உயரத்தில், பசால்ட் பரவியிருக்கலாம். அந்தத் தரை இப்போது இல்லை. மணலாகி, வண்டலாகி, எந்தெந்த ஆறு வழியாகவோ எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. குழம்பு ஏறிவந்த வழி மட்டும் இரண்டு கிணற்றுக்கு நடுவே நிற்கிறது.